கைமாறும் கார் யார் பொறுப்பில்? தமிழ்நாடு போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடலூரில் பழைய கார் வாங்கி விற்கும் கடை நடத்துகிறேன். எங்கள் பக்கம் இதை ஆட்டோ கன்சல்டிங் என்பார்கள். எந்தப் பெரிய கம்பெனியின் கிளையும் இல்லை, எந்தச் செயலியின் ஏஜென்சியும் இல்லை. புதுச்சேரி சாலையை ஒட்டி வாடகைக்கு எடுத்த ஒரு காலி மனை, தகரக் கூரை போட்ட ஆபீஸ், வெயிலில் நிற்கும் சில ஆல்ட்டோ, வேகன் ஆர், ஒரு பொலிரோ. கடை இவ்வளவுதான். நெய்வேலியில் ஓய்வு பெறும் என்.எல்.சி. ஊழியர் தன் காரை விற்க வருவார். பண்ருட்டியில் முந்திரி, பலா வரும்படி கைக்கு வந்ததும் முதல் கார் வாங்கக் குடும்பத்தோடு வருவார்கள். பரங்கிப்பேட்டை பக்கம் வளைகுடாவிலிருந்து லீவில் வருபவர்கள், வந்த வேகத்தில் வாங்கிப் போகிற வேகத்தில் விற்பார்கள். இவர்களுக்கு நடுவில் நின்று, ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பது என் பிழைப்பு.

இந்தத் தொழிலில் கஷ்டங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றையும் உங்கள் மேஜையில் கொட்டுவதற்காக எழுதவில்லை. ஒன்று மட்டும் உங்கள் துறையால்தான் தீரும். விற்றவர் சாவியைக் கொடுத்த நாளுக்கும் வாங்கியவர் பெயர் ஆர்.சி.யில் ஏறும் நாளுக்கும் இடையில் அந்த கார் யார் பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வி அது. சட்டத்தில் இதற்கு இப்போது பதில் இருக்கிறது. அந்தப் பதில் எங்களைப் போன்ற சின்னக் கடைகளின் வாசல் வரை வந்து சேரவில்லை. சேர்த்து வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு கார் என் கடைக்குள் வரும்போது என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விற்பவர் வண்டியைக் கொண்டுவருவார். மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பார், டிங்கர் சுற்றி வந்து எங்கெங்கே பட்டி பார்த்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பார். விலை பேசி முடித்து, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, மீதிப் பணத்தை வங்கிக் கணக்கில் போடுவேன். அவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார், பான் நகல்களையும் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் படிவங்களில் வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். வாங்கப் போகிறவர் யார் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. அப்புறம் அந்த கார் கடையில் நிற்கும். ராசியான கார் ஒரு வாரத்தில் போகும். சில கார் ஆடியில் வந்து தை வரைக்கும் நிற்கும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 50ஆவது பிரிவு, கார் கைமாறினால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவுக்குத் தெரிந்தது இரண்டே பேர்தான்: விற்றவர், வாங்கியவர். நடுவில் மாதக்கணக்கில் காரை வைத்துக்கொண்டிருக்கும் நான் அதில் எங்கேயும் இல்லை. சரி, நீயே உன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றினால் ஆர்.சி.யில் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடும். சிங்கிள் ஓனர் கார் செகண்ட் ஓனர் ஆகிவிடும். வாங்க வருபவர் முதலில் கேட்பதே "எத்தனாவது ஓனர்ண்ணே?" என்பதுதான். அந்த ஒரு எண்ணுக்காக விலை இறங்கும். கட்டணமும் இரண்டு முறை, அலைச்சலும் இரண்டு முறை. அதனால் இந்தத் தொழிலில் யாரும் அதைச் செய்வதில்லை. எல்லோரும் நம்பியிருப்பது டெலிவரி நோட் என்ற ஒரு தாளை. இன்ன தேதி, இத்தனை மணி, இத்தனை நிமிடத்துக்குக் காரை ஒப்படைத்தேன், இதற்குப் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று விற்பவர் எழுதி வாங்கிக்கொள்ளும் தாள் அது. விற்றவர் அதைத் தன் கவசம் என்று நினைத்துப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் யோசனை கேட்டு என் கடைக்கு வந்தார். வேறொரு ஊரில், வேறொரு கடையில் தன் காரை விற்றவர். அந்த கார் இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் யாரோ ஒருவர் ஓட்டும்போது விபத்தாகியிருக்கிறது. இன்சூரன்ஸ் காலாவதியாகி இருந்தது. நஷ்டஈட்டு வழக்கில் சம்மன் ஆசிரியர் வீட்டுக்கு வந்துவிட்டது. "தம்பி, நான் வித்து மூணு வருஷமாச்சு. அந்த வண்டியோட சாவி எப்படி இருக்கும்னுகூட மறந்துபோச்சு. எனக்கு எதுக்கு சம்மன்?" என்றார். டெலிவரி நோட்டைக் கையில் வைத்திருந்தார். "சார், ஆர்.சி. இன்னும் உங்க பேர்லதான் இருக்கு" என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. வக்கீல் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். கார் விற்ற காசைவிட வழக்குச் செலவு அதிகமாகிவிடுமோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த மனிதர், கோர்ட் வாசலையே பார்க்காதவர்.

இதில் சட்டம் எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2007இல் விற்கப்பட்ட கார், அடுத்தடுத்துக் கைமாறி, 2009இல் விபத்தானது. யார் பெயர் பதிவில் இருந்ததோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்பது தீர்ப்பு. விபத்தில் அடிபட்ட குடும்பம், யாரிடமிருந்து யாருக்கு கார் போனது என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காரை ஒரு கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன ஆசிரியர் என்ன தவறு செய்தார்? கார் கடைக்காரனிடம் இருக்கிறது என்று பதிவில் காட்டுவதற்கு அவருக்கு ஒரு வழி இருந்திருக்க வேண்டும்.

அந்த வழிதான் 2022 டிசம்பர் 22 அன்று மத்திய அரசு அறிவித்த விதிகள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதல் 55எச் வரை சேர்க்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை. பழைய கார் விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். காரை ஒப்படைத்ததும் உரிமையாளரும் கடைக்காரரும் சேர்ந்து படிவம் 29சி வழியாக மின்னணு முறையில் அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு, வேறொருவருக்கு மாறும் வரை, கடைக்காரர்தான் அந்த காரின் உரிமையாளராகக் கருதப்படுவார். நடக்கிற எதற்கும் அவர்தான் பொறுப்பு. பதிவைப் புதுப்பிப்பது, நகல் ஆர்.சி., தடையில்லாச் சான்று, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் கடைக்காரரே விண்ணப்பிக்கலாம். காரை ஓட்டிப் பார்க்க, வாங்குபவரிடம் காட்ட, டிங்கரிங்கோ பெயின்ட்டிங்கோ செய்ய எடுத்துப் போகலாம். ஒவ்வொரு முறையும் யார் ஓட்டினார், எதற்காக, எத்தனை கிலோமீட்டர் என்று மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

படித்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நான் எத்தனையோ முறை வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்குறுதியை, "சார், இனிமே வண்டி என் பொறுப்பு" என்பதை, ஒருவர் எழுத்தில், சட்டத்தில், எனக்காக எழுதி வைத்ததுபோல் இருந்தது. பொறுப்பு கூடுகிறது என்று சக வியாபாரிகள் சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். அது என்னிடம் இருந்தால்தான் விற்பவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

ஆனால் எனக்குத் தெரிந்த சின்னக் கடைகளில் பெரும்பாலானவற்றில் இன்றைக்கும் நடப்பது காலி படிவமும் டெலிவரி நோட்டும்தான். ஏன் என்று கேட்டால், விதி வந்ததே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு எங்கே தொடங்குவது, எந்தெந்தத் தாள் கேட்பார்கள், வாடகை மனையில் கடை வைத்திருப்பவருக்குக் கிடைக்குமா, எதுவும் தெளிவாகத் தெரியாது. விவரம் தெரிந்த ஒருவரோ இருவரோ பெரிய ஊர் கடைக்காரர்கள். எங்கள் சங்கடம் ஒன்று இருக்கிறது, அதையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். முறையாகச் செய்பவனின் செலவு கூடுகிறது, செய்யாதவனின் விலை குறைகிறது. நான் பெயர் மாற்றும் செலவைக் காரின் விலையிலேயே சேர்த்துவிடுவேன். பெயர் மாறாமல் என் கடையிலிருந்து கார் போவதில்லை என்பது என் கொள்கை. செம்மண்டலத்தில் நின்று விலை கேட்பவர், அதே காரை ஐந்தாயிரம் குறைத்து, பெயர் மாற்றுவதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்கும் இடத்துக்குப் போய்விடுவார். எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோரிடமும் ஒரே மாதிரி நடைமுறை என்று வந்தால்தான் நேர்மையாக நடப்பவன் நிலைக்க முடியும்.

2025 நவம்பரில் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த கார் பல கை மாறியது என்று செய்திகள் வந்த பிறகு, எங்களைப் பார்க்கிற பார்வையே மாறியது. டீக்கடையில்கூட, "உன் கிட்ட நிக்கிற வண்டியெல்லாம் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் கடையில் நிற்கும் ஒவ்வொரு காரும் என் பொறுப்பில்தான் இருக்கிறது என்று உங்கள் பதிவேட்டையே காட்டிப் பதில் சொல்லும் நிலை எனக்கு வேண்டும்.

அதற்கு நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மாவட்டம்தோறும் ஒரு நாள் முகாம் வையுங்கள். கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளில் பழைய கார் கடை வைத்திருப்பவர்களை ஓரிடத்துக்கு அழையுங்கள். அங்கீகாரச் சான்றுக்கு என்ன வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். கணினியில் விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று காட்டுங்கள். எங்களில் பலர் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். இன்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார்கள், ஆனால் ஆங்கிலத்தில் உள்ள படிவத்தைக் கண்டால் தயங்குவார்கள். தயக்கத்தால்தான் இடைத்தரகர் தேடிப் போகிறார்கள். முகாமுக்குப் பிறகு ஆறு மாத அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் சான்று இல்லாமல் வியாபாரம் செய்பவர் மீது நடவடிக்கை எடுங்கள். நான் எதிர்க்க மாட்டேன், வரவேற்பேன்.

அங்கீகாரம் வந்துவிட்டால் தீர்ந்துபோகிற தினசரித் தலைவலிகள் எத்தனை என்று பாருங்கள். பெயர் மாற்றம் செய்ய, விற்றவரின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வர வேண்டியிருக்கிறது. விற்றவர் துபாய்க்குத் திரும்பியிருப்பார். ஊர் நம்பரை நிறுத்திவிட்டிருப்பார். வாங்கியவர் தினமும் போன் செய்து, "அண்ணே, என்னாச்சுண்ணே, பேர் எப்பண்ணே மாறும்?" என்பார். நான் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் ஆர்.சி.யுமாக நிற்பேன். ஒப்படைத்த நாளிலேயே கார் என் பொறுப்புக்குப் பதிவாகிவிட்டால், அந்த ஓ.டி.பி. என் எண்ணுக்கு வரட்டும். விற்றவரை அதற்குப் பிறகு யாரும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஃபாஸ்டேக்கும் இதே கதைதான். ஒரு காருக்கு ஒரு ஃபாஸ்டேக்தான் என்பதால், பழைய உரிமையாளர் தன்னுடையதை மூடும் வரை புதியவருக்குக் கிடைக்காது. அது உங்கள் துறை இல்லை என்று தெரியும். ஆனாலும் பெயர் மாறியதும் பழைய ஃபாஸ்டேக் தானாக நின்றுபோகும்படி சம்பந்தப்பட்டவர்களிடம் நீங்கள் சொன்னால் எடுபடும். மின்னணு அபராதச் சலானும் அப்படித்தான். காரை ஒப்படைப்பதற்கு முன்பு சென்னையில் சிக்னல் தாண்டியதற்கான அபராதம், கார் என்னிடம் வந்து சில வாரம் கழித்துத் திரையில் தோன்றும். யார் கட்டுவது என்று விற்றவரோடு மனத்தாங்கல் வரும். ஒப்படைத்த தேதியும் நேரமும் பதிவில் இருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

எச்.பி. பதிவு, அதாவது கார் கடனில் இருக்கிறது என்று ஆர்.சி.யில் ஏறும் குறிப்பு, இன்னும் சிக்கல். கடன் வாங்கி கார் எடுத்தவர் கடைசித் தவணை வரை கட்டி முடித்திருப்பார். தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்கி ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பத்து வருஷம் கழித்து விற்க வரும்போது பார்த்தால், ஆர்.சி.யில் இன்னும் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். நிறுவனம் வேறொன்றோடு இணைந்திருக்கும், அல்லது கிளையை மூடியிருக்கும், சில சமயம் இருந்த இடமே தெரியாது. நல்ல கார். அடிபடாதது. வாங்க ஆள் தயார். ஒரு தாள் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். வாரக்கணக்கில் ஸ்டார்ட் செய்யாமல் இருந்தால் பேட்டரி இறங்கும், டயர் ஒரு பக்கமாகத் தட்டையாகும். அதற்குள் நான் கடையில் போட்ட பணத்துக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். நிற்கும் காரை வைத்துப் பெரும்பாலும் எந்த வங்கியும் எங்களுக்குக் கடன் தராது. தெரிந்தவரிடம், தெரியாதவரிடம் வாங்கித்தான் ஓட்டுகிறோம். கடன் முடிந்த அன்றே எச்.பி. நீக்கத்துக்கான தகவலை நிதி நிறுவனமே வண்டிப் பதிவுகள் இருக்கும் வாகன் இணையதளத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். மூடிப்போன நிறுவனங்களின் விஷயத்தில், வங்கிக் கணக்கு விவரத்தோடு உரிமையாளர் கொடுக்கும் உறுதிமொழியை ஏற்று, குறிப்பிட்ட நாளுக்குள் முடிவெடுக்கும் ஒரு நடைமுறையை எழுதிவையுங்கள்.

கணவர் இறந்த பிறகு காரை விற்க வரும் அக்காக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இறப்பை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாரிசுச் சான்றிதழ் கொடுக்கும்போதே தாலுகா அலுவலகத்தில் இந்த விவரத்தையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்ய முடியாதா? பணம் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அவர்கள் என்னிடம் வருகிறார்கள். தாள் சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போது என் மனசு கேட்பதில்லை.

உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு துறைகளும் என்னைப் பார்க்கும் விதம் முரணாக இருக்கிறது. ஜி.எஸ்.டி. கவுன்சில் 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடி, பழைய கார் எதுவானாலும் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் வரி என்று முடிவு செய்தது. அதற்கு முன்பு சின்ன கார்களுக்கு 12 சதவீதம். மூன்று லட்சத்துக்கு ஒரு காரை வாங்கி, முப்பதாயிரத்துக்கு டயர், டிங்கரிங், பெயின்ட் செய்து, மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு விற்கிறேன் என்று வையுங்கள். என் கையில் நிற்பது முப்பதாயிரம். வரியோ அறுபதாயிரத்துக்கு, அதாவது 10,800 ரூபாய். வேலை செய்த செலவு கணக்கில் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சிறிய கார்களின் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மக்களுக்கு நல்லது. ஆனால் அதற்கு முந்தைய விலையில் நாங்கள் வாங்கி நிறுத்தியிருந்த கார்களின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது. அந்த நஷ்டம் முழுக்க எங்களுடையது. இதையெல்லாம் நிதித் துறையிடம் தனியாக முறையிட்டுக்கொள்கிறேன். உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்: வரி வாங்கும்போது அந்த கார் என்னுடைய சரக்கு, நான் வாங்கி விற்றவன். ஆர்.சி.யில் மட்டும் நான் இல்லவே இல்லை. இரண்டிலும் இருக்கிறேன் என்றால் வரியையும் முகம் சுளிக்காமல் கட்டுவேன்.

எல்லை ஓரத்தில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு வேலை கூடுதல். ஆல்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி. பி.ஒய். நம்பர் கார்கள் கடலூரில் தினமும் ஓடுகின்றன. வேலை அங்கே, வீடு இங்கே என்று இருப்பவர்கள் ஏராளம். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது. புதுச்சேரிக்காரர் காரை கடலூர்க்காரர் வாங்கினால், அங்கே தடையில்லாச் சான்று, இங்கே வாழ்நாள் வரி, புது டி.என். நம்பர், புது நம்பர் பிளேட் என்று வரிசையாக நிற்க வேண்டும். வரி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாமல் விலை பேச வேண்டியிருக்கிறது. காரின் நம்பரைப் போட்டால் தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வரி இவ்வளவு என்று அதிகாரப்பூர்வமாக ஒரு தொகையைக் காட்டி, அந்தத் தொகை குறிப்பிட்ட நாள் வரை மாறாது என்று உறுதி கொடுத்தால் எல்லை ஓரத்தில் பாதி தகராறுகள் குறையும். அது இல்லாததால்தான் பி.ஒய். காரை அப்படியே, பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருக்கும் பழக்கம் இங்கே வளர்ந்திருக்கிறது. அதாவது அதே ஆசிரியர் கதை, இரண்டு மாநிலங்களுக்கு இடையில்.

கடைசியாக, வெள்ளத்தில் மூழ்கிய கார்கள். எங்கள் ஊருக்கு இது நெருக்கமான விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015 மழை, 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை புரண்டது, எல்லாவற்றையும் பார்த்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த சில மாதங்களில், நன்றாகப் பாலீஷ் போட்ட, விலை கொஞ்சம் குறைவான கார்கள் சந்தைக்கு வரத் தொடங்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்று நிறத்தில் ஒரு கோடு தெரியும். சீட் ஓடும் ரயிலில் துரு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியில், கார்ப்பெட்டுக்கு அடியில், வண்டல் ஒட்டியிருக்கும். ஹெட்லைட்டுக்குள் ஈரம் படிந்திருக்கும். தேவனாம்பட்டினத்து உப்புக் காற்றில் துருப்பிடித்த காருக்கும் தண்ணீரில் நின்ற காருக்கும் வித்தியாசம் எங்கள் டிங்கருக்குக் கண்ணாலேயே தெரியும். ஆனால் முதல் கார் வாங்க வரும் பண்ருட்டி விவசாயிக்கு எப்படித் தெரியும்? இன்ஜின் ஓடும், ஏ.சி. வேலை செய்யும். மறு மழைக்குள் வயரிங் அரித்து, நடுரோட்டில் நிற்கும். ஏர்பேக் சமயத்தில் வேலை செய்யாமல் போனால் அதன் விலை உயிர்.

பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை முழு நஷ்டமாகக் கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடும். அப்புறம் அந்த கார் ஏலத்தில் போய், சரிசெய்யப்பட்டு, பல சமயம் அதே ஆர்.சி.யோடு மறுபடி சாலைக்கு வரும். இப்படி முழு நஷ்டம் என்று தீர்க்கப்பட்ட கார் எது என்பது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரியும், ஏலம் எடுத்தவருக்குத் தெரியும். வாங்கும் குடும்பத்துக்கு மட்டும் தெரியாது. வாகன் பதிவில் அந்தக் குறிப்பு ஏறட்டும். காரின் நம்பரைப் போட்டுப் பார்க்கும் யாருக்கும் "வெள்ளத்தில் முழு நஷ்டம்" என்று ஒரு வரி தெரியட்டும். விலையை அதற்கேற்ப வைத்து, தெரிந்தே வாங்குபவர் வாங்கட்டும். மத்திய அரசின் தளம் என்பதால் நீங்கள் தனியாக முடிவெடுக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் தானே, ஃபெஞ்சல் எல்லாம் கண்ட மாநிலத்தின் ஆணையர் எழுத்தில் கேட்டால், அந்தக் கோரிக்கைக்கு டெல்லியில் எடை இருக்கும்.

இந்த எல்லாக் கோரிக்கையிலும் முதலில் வேண்டியது அங்கீகார முகாம். கடலூரில் அதற்கு இடம் தேடிக் கொடுப்பதிலும், பக்கத்து ஊர் வியாபாரிகளுக்குச் சொல்லி அழைத்து வருவதிலும் என்னாலான எல்லாவற்றையும் செய்கிறேன். என் கடையில் நிற்கும் ஒவ்வொரு காரின் ஆர்.சி., டெலிவரி நோட், விற்றவர் கையெழுத்துப் போட்ட படிவங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலர் எந்த நாள் வந்தாலும் மேஜையில் வைத்துக் காட்டுகிறேன். முகாம் எந்த மாதம் என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கடலூரில் பழைய கார் வியாபாரம் செய்பவர் ஒருவர்